பினாங்கில் முட்டையும் தொடாத அம்மாவை எங்கே சாப்பிட அழைத்துச் செல்வது?

கேள்வி:
வணக்கம். நானும் கணவரும் என் அம்மாவும் நேற்று பினாங்கு வந்து ஜார்ஜ் டவுனில் தங்கியிருக்கிறோம். இன்னும் மூன்று நாள் இருப்போம். நாங்கள் இருவரும் மீன், இறால் உண்போம். அம்மா முட்டையும் தொடமாட்டார். நேற்றிரவு கடற்கரைப் பக்கம் ஓர் அங்காடியில், இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் வதக்கிய காங்கோங் கீரை வாங்கினோம். பாதித் தட்டு முடிந்த பிறகு, கீரைத் தண்டுகளில் செம்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருப்பதையும் கருவாட்டு வாடை வருவதையும் அம்மா கவனித்தார். அவர் கோபப்படவில்லை, வாயைக் கொப்பளித்துவிட்டு, "இனி எனக்கு ரொட்டியும் பழமும் போதும்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் நம்பி உண்ணக்கூடிய இடங்கள் எவை, கடையில் எப்படிக் கேட்க வேண்டும்?

பதில் 1 (பினாங்குவாசி):
உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். அது பிளச்சான், அதாவது இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த விழுது. இறைச்சி வேண்டாம் என்றால் கோழி, ஆட்டுத் துண்டுகள் வேண்டாம் என்றுதான் இங்கே சமைப்பவர் புரிந்துகொள்வார். பிளச்சான் அவருக்கு உப்பு, மிளகாய் போன்ற ஒரு சேர்மானம். இங்குள்ள வேறு உணவுகளிலும் இப்படித்தான்: அசாம் லக்சா என்னும் புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீனைக் கரைத்து வைப்பது. பழ ரோஜாக் என்னும் பழக் கலவையின் மேல் ஊற்றும் கருஞ்சாற்றிலும் இறால் விழுது இருக்கும். சார் குவே தியாவ் என்னும் வறுத்த அரிசி நூடுல்ஸில் இறாலும் சிப்பியும் மட்டுமல்ல, பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். ஆகவே தட்டிலிருந்து எதையாவது நீக்கித் தரச் சொல்வதைவிட, அடுப்பே சைவமான கடைக்குப் போவதுதான் பாதுகாப்பு.

லெபோ குவீன் தெருவில் 1833இல் அமைந்த மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் சைவ உணவகங்கள் உண்டு; அங்கே தமிழிலேயே விசாரிக்கலாம். சீன பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைகளையும் தயங்காமல் முயன்று பாருங்கள். அவற்றில் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. முட்டை மட்டும் சில பண்டங்களில் இருக்கலாம் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் "சியா சாய்" என்று சொன்னால், சைவம் உண்பவர் என்று உடனே புரிந்துகொள்வார்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்பவர்கள் இங்கே ஏராளம் என்பதால், அந்நாள்களில் சற்று முன்னதாகவே பசியாறப் போய்விடுங்கள்.

பதில் 2 (முன்பு அங்கே பணிபுரிந்தவர்):
ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். ரொட்டி சானாயும் (பரோட்டா போன்றது) பருப்பும் சைவம்தானே என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். சாலையோர ஒட்டுக்கடைகளில் பருப்பின் மேல் மீன் குழம்பையோ கோழிக் குழம்பையோ ஒரு கரண்டி கலந்து ஊற்றுவது வழக்கம். சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவதுதான் நாசி கண்டார் என்னும் உணவின் சுவையே. 1907 முதல் நடந்துவரும் ஹமீடியா போன்ற கடைகளுக்கு நீங்களும் கணவரும் மட்டும் போய் வாருங்கள். கணவாய், பெரிய இறால் எடுக்கும் முன் விலை எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கேட்டுவிடுங்கள். மூவரும் சேர்ந்து உண்ண, லெபோ கெங் குவீ தெருவில் செண்டோல் என்னும் குளிர்ந்த இனிப்பு இருக்கிறது: தேங்காய்ப் பால், பனைவெல்லம், சிவப்பு பீன்ஸ், பாண்டான் இலைச் சாற்றில் பிழிந்த பச்சை இழைகள், மேலே துருவிய பனிக்கட்டி.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மதியம் சீன சைவக் கடை ஒன்றில் "சியா சாய்" என்றதும், கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே முட்டை சேர்ந்த இரண்டு தட்டுகளைச் சுட்டிக்காட்டி அவற்றை எடுக்க வேண்டாம் என்று கையசைத்தார். சோயாவைக் கடற்பாசித் தாளில் சுற்றிப் பொரித்த "மீன்" துண்டு, தோலும் சதையுமாக அசல் மீனைப் போலவே இருந்ததால், அம்மா அதை மாப்பிள்ளையின் தட்டுக்குத் தள்ளிவிட்டார். பயற்றங்காயும் தோஃபுவும் போட்டுக்கொண்டு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மாலையில் செண்டோலுக்குப் புறப்படுகிறோம்.