ஃபிஸ்கைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்?

கேள்வி: 2015-இல் வெளிவந்த ‘டேர்டெவில்’ என்ற சூப்பர்ஹீரோ தொடரை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். வில்லன் வில்சன் ஃபிஸ்கின் பெயரைச் சொல்லவே அடியாட்கள் நடுங்குகிறார்கள். மூன்றாம் பகுதியின் முடிவில் ஆள் வருகிறார்; வெள்ளை ஓவியம் ஒன்றைப் பார்த்துத் தனிமையாக உணர்வதாக முணுமுணுக்கிறார். இவருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

பதில்: நான்காம் பகுதியைப் பாருங்கள். தான் விரும்பும் வனெஸ்ஸாவுடன் சாப்பிடும்போது குறுக்கே வந்த ரஷ்ய தாதா அனடோலியை, கார்க் கதவை வைத்தே கொல்கிறார். கோபம், வியாபாரக் கணக்குக்காக அல்ல. அவள் முன்னால் அவமானப்பட்டதற்காக. அதுதான் நடுக்கம்.

இன்னொருவர் பதில்: நல்லவேளை, கதை முழுவதையும் சொல்லிவிடவில்லை! எனக்கு நடுக்கம் தந்தது எட்டாம் பகுதி. ஆம்லெட் செய்கிறார், சட்டைக்கைப் பொத்தான் தேர்ந்தெடுக்கிறார், அவ்வளவுதான்; எனக்கோ வயிற்றைக் கலக்கியது. ஃபிஸ்காக நடிக்கும் வின்சென்ட் டொனாஃப்ரியோ வாக்கியத்தை நடுவில் நிறுத்தி மூச்சுவிடும் விதமே போதும்.

கேட்டவர்: நான்காம் பகுதி பார்த்தாயிற்று. ஆர்ப்பாட்டம் என்றதை விடுங்கள். ஆனால் இரண்டாம் பகுதியின் நடைபாதைச் சண்டையில் களைத்துச் சுவரில் சாயும் நாயகன் மேட்தான் இன்னும் எனக்குப் பெரியவன். எட்டாம் பகுதி வரட்டும், பார்க்கிறேன்.