ரெட் டீருக்குக் குடுத்தது வெட்கக்கேடாம்: இளையோர் ஐஸ் ஹொக்கிப் போட்டி எந்த ஊருக்கு?

வாவிக்கரையான்:
நேத்து கிரிக்கெட் திரியில ஸ்காபரோ சிங்கம் அண்ணன் போற போக்கில ஒண்ணு எழுதிப்போட்டுப் போயிருக்கார். 20 வயசுக்குட்பட்ட பொடியன்களுக்கான உலக ஐஸ் ஹொக்கிப் போட்டிய, 2027க்கு கனடாவில எட்மன்டனோட சேத்து ரெட் டீர் எண்ட ஊருக்கும் குடுத்தது வெட்கக்கேடாம். லட்சம் சனம் இருக்கிற இடமெல்லாம் ஒரு ஊராம். "பெரிய ஊரில வெச்சா ஒரு கதிரையும் காலியா இருக்காது" எண்டு முடிச்சிருக்கார்.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு விளங்கேல்ல. 2017, மொன்றியல், பெல் சென்டர், கால் இறுதி. கனடாவும் செக் நாடும். 21 ஆயிரம் பேர் கொள்ளுற மண்டபத்துக்கு வந்தது 10 ஆயிரத்துச் சொச்சம். ஆடினது சொந்த நாடு, அண்ணே. பாதிக் கதிரை காலி. முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க, மத்ததப் பிறகு கதைப்பம்.

ஸ்காபரோ_சிங்கம்:
தம்பி, நான் இஞ்ச பனி தள்ளித் தள்ளி முதுகு வளைஞ்சவன். நீ மட்டக்களப்பு அரசடியில இருந்து போனத் தட்டிப்போட்டு எனக்கு ஹொக்கி படிப்பிக்கிறாய். அதே 2017, அதே பெல் சென்டர், இறுதியாட்டம். அமெரிக்கா 5-4 எண்டு கனடாவ வெண்ட ஆட்டம். 20 ஆயிரத்துக்கு மேல சனம். அதை ஏன் விழுங்கிப்போட்டாய்? 2015 இறுதியாட்டம் ரொறொன்ரோவில, கனடா ரஷ்யாவ அதே 5-4க்கு அடிச்சது. மண்டபம் அதிர்ந்திச்சி.

வாவிக்கரையான்:
இறுதியாட்டத்துக்கு ஆர்தான் வரமாட்டான்? நான் கேட்டது கால் இறுதி. நீங்க எழுதினது "ஒரு கதிரையும்". ஒரு கதிரை இல்ல அண்ணே, 10 ஆயிரம் கதிரை.

கல்முனைக்_காக்கா:
மறுகா தொடங்கிட்டாங்க. ரெண்டு பேரும் ஐஸக் கண்டது மீன் பெட்டியில. கதைக்கிறது பெல் சென்டர். நான் டீயோட இருக்கன், நடத்துங்க.

ஸ்காபரோ_சிங்கம்:
காக்கா, நான் மீன் பெட்டியில கண்டவன் இல்ல, டிக்கட் எடுத்து உள்ளுக்கு இருந்து பாத்தவன். மொன்றியல்ல சனம் வராததுக்குக் காரணம் ஊர் இல்ல, டிக்கட் விலை. ஆனை விலை குதிரை விலை வெச்சா ஆர் வருவான்?

வாவிக்கரையான்:
அதத்தானே சொல்லுறன்! பெரிய ஊர், பெரிய மண்டபம், பெரிய விலை. மறுகா பாதிக் கதிரை காலி. நீங்களே என்ட பக்கத்துக்கு வந்திட்டிங்க, வாங்க இருங்க.

ஸ்காபரோ_சிங்கம்:
நான் ஒரு பக்கத்துக்கும் வரேல்ல.

தம்பிலுவில்_புள்ள:
ரெண்டு பேரும் 2017ஐ விட்டு வெளிய வாங்களன். 2023 போட்டி முதல்ல ரஷ்யாவுக்கு, நோவோசிபிர்ஸ்க், ஓம்ஸ்க் ரெண்டு ஊருக்கும் குடுத்திருந்தது. யுக்ரேன் சண்டையோட பறிச்செடுத்து கனடாவில ஹலிபக்ஸுக்கும் மொங்ரனுக்கும் குடுத்தாங்க. ரொறொன்ரோவும் இல்ல, வன்கூவரும் இல்ல. கடைசி ஆட்டத்தில கனடா செக்க மேலதிக நேரத்தில 3-2க்கு வெண்டது. அந்த மண்டபத்தில காலிக் கதிரை தேடித் தாங்க பாப்பம்.

2020ல செக் நாட்டில ஒஸ்ட்ராவாவோட சேத்து திரினெட்ஸ் எண்ட ஊரில வெச்சவங்க. இரும்பாலை ஊர், சனம் 35 ஆயிரம் அளவுதான். அங்கயும் உலகப் போட்டி நடந்ததுதானே?

ஸ்காபரோ_சிங்கம்:
தங்கச்சி, ஹலிபக்ஸ் மண்டபம் 10 ஆயிரம் அளவு. சின்னச் சட்டியில சோறு போட்டா நிரம்பத்தான் செய்யும். பெல் சென்டர்ல பாதி வந்ததும், அங்க முழுசும் வந்ததும் கிட்டத்தட்ட ஒரே தலைக்கணக்கு. கணக்குப் படிச்சிட்டு வாங்க.

தம்பிலுவில்_புள்ள:
கணக்கு வாத்தியார் வேலைதான் செய்றன், அண்ணன். அதே தலைக்கணக்குக்கு ஏன் இரட்டிப்பு மண்டபத்த வாடகைக்கு எடுக்கணும் எண்டு நீங்கதான் சொல்லணும். அதோட, 2017 டிசம்பர்ல பஃபலோ பக்கத்தில திறந்த மைதானத்தில கனடாவும் அமெரிக்காவும் கொட்டுற பனிக்குள்ள ஆடக்குள்ள 44 ஆயிரம் சனம். பஃபலோ என்ன நியூயோர்க் பட்டினமா?

ஸ்காபரோ_சிங்கம்:
அது அமெரிக்கன் ஃபுட்போல் மைதானம். கணக்கில வராது.

வாவிக்கரையான்:
எங்களுக்குச் சாதகமா வாறது ஒண்டும் கணக்கில வராது. சரி, எட்மன்டன் வருமா? 2022 ஆகஸ்ட், ரொஜர்ஸ் பிளேஸ், 18 ஆயிரம் பேர் கொள்ளும். படத்தப் பாத்தா கதிரைக்கு அடிச்ச நிறம் தெரியும், அவ்வளவு காலி. பெரிய ஊர் தானே அது?

ஸ்காபரோ_சிங்கம்:
ஆகஸ்ட்ல ஆரடா ஐஸ் ஹொக்கி பாக்கிறது? சனம் முழுக்க ஆத்தங்கரையில. 2021 டிசம்பர்ல தொடங்கி கோவிட்டால நிப்பாட்டினதத்தான் ஆகஸ்ட்ல வெச்சவங்க. நியாயமாக் கதை.

வாவிக்கரையான்:
அந்த டிசம்பர்ல எட்மன்டனோட சேந்து நடத்தின மற்ற ஊர் எது, சொல்லுங்க. ரெட் டீர். 26ம் திகதி தொடங்கி 29ம் திகதி மூடினாங்க. ஆகஸ்ட்ல திருப்பி வெக்கக்குள்ள எல்லா ஆட்டமும் எட்மன்டனுக்கு, ரெட் டீருக்கு ஒண்டும் இல்ல. அந்த ஊருக்குப் பட்ட கடனத் திருப்பிக் குடுக்கிறது உங்களுக்கு வெட்கக்கேடா? 1995ல போட்டிய நடத்தின ஊரும் அதுதான். கனடா ஆடின ஏழு ஆட்டமும் வெண்டு தங்கம் எடுத்த வருஷம். நீங்க அப்ப ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு கல்லடிக் கடற்கரையில நிண்டிருப்பிங்க.

வாழைச்சேனை_கூலிங்:
ஆராவது ஐஸப் பத்தியும் கதைங்களன். நான் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் போடுற ஆள், கொஞ்சம் தெரியும். பத்து அணி, அஞ்சு அஞ்சா ரெண்டு பிரிவு. ஒரே நாளில ரெண்டு பிரிவும் ஆடும், அதால ரெண்டு ஐஸ் தளம் வேணும். பயிற்சிக்கு வேற தளம் வேணும். கீழ கொங்கிறீட்டுக்குள்ள குழாய், அதுக்குள்ள குளிராக்கின உப்புத் தண்ணி இல்லாட்டி கிளைக்கோல் எண்ட உறையாத திரவம் ஓடும். மேல இருக்கிற ஐஸ் ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர்தான். 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ஆட்டம் நிண்டு மெசின் ஓடி மேற்பரப்பச் சுரண்டி வெந்நீர் பூசும். உள்ளுக்குச் சனம் கூடினா ஈரப்பதன் கூடும், ஐஸ் இளகும், பக் (அடிச்சி ஆடுற ரப்பர் வட்டு) இழுபடும். இதெல்லாம் தாங்குற ஆக்கள் இருக்கிற ஊர்தான் நல்ல ஊர். 2014ல ஸ்வீடன் மல்மோவில ரெண்டு தளமும் ஒரே ஊருக்குள்ள. 2025ல ஒட்டாவாவும் அப்பிடித்தான். எட்மன்டனுக்கும் ரெட் டீருக்கும் இடையில 150 கிலோமீற்றர், குளிர்கால ரோட்டு. கேக்கிறதெண்டா அதக் கேக்கணும்.

வாவிக்கரையான்:
நல்ல தகவல், நன்றி. இனி அண்ணன் மொன்றியலுக்குப் பதில் சொல்லட்டும்.

ஸ்காபரோ_சிங்கம்:
பதில் எப்பவோ சொல்லியாச்சு. இறுதியாட்டம். 20 ஆயிரம்.

வாவிக்கரையான்:
கால் இறுதி. 10 ஆயிரம்.

வாழைச்சேனை_கூலிங்:
விளங்கிட்டு. நான் போய் என்ட கொம்பிரசரப் பாக்கிறன்.

கல்முனைக்_காக்கா:
எனக்குச் சிரிப்பு வாறது வேறொண்டுக்கு. மட்டக்களப்பான் சின்ன ஊருக்காக வக்காலத்து வாங்குறான். மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டமும் சேந்து எதையாவது நடத்துவம் எண்டா உங்கட வாயில வாற முதல் சொல் உங்கட ஊர் வெபர் மைதானம். ரெண்டாவதும் வெபர் மைதானம். கல்முனையில, அக்கரைப்பற்றுல, திருக்கோவில்ல எல்லாம் புல்லு முளைக்கிறதில்லையா? ரெட் டீருக்கு அழுற கண்ணு எங்களுக்கு ஏன் அழுறதில்ல?

வாவிக்கரையான்:
காக்கா, வெபரத் தொடாதிங்க. அமெரிக்காவில இருந்து வந்த இயேசு சபைச் சுவாமி, இஞ்சயே வாழ்ந்து இஞ்சயே கண்ண மூடினவர். மைக்கேல் கல்லூரிப் பொடியன்கள் பாஸ்கட்போல்ல இலங்கை முழுக்கப் பேர் எடுத்தது அந்தச் சுவாமிமார் போட்ட அத்திவாரத்தில. அந்த மைதானத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

கல்முனைக்_காக்கா:
சுவாமிய ஆரும் குறை சொல்லல்ல. மைதானத்தக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு இருக்கிற உங்களச் சொல்றன். வரலாறு இருக்கிற பெரிய இடத்துக்குத்தான் குடுக்கணும் எண்டா, நீங்க இப்ப பேசுறது அப்பிடியே ஸ்காபரோக்காரன்ட பேச்சு.

ஸ்காபரோ_சிங்கம்:
காக்கா, கைய குடுங்க!

கல்முனைக்_காக்கா:
உங்களுக்கும் கை இல்ல. மொன்றியல்ல கதிரை காலிதான்.

தம்பிலுவில்_புள்ள:
அம்பாறை மாவட்டம் எண்ட உடனே கல்முனையோட நிப்பாட்டிட்டு, திருக்கோவிலக் கடைசியாச் சேத்ததையும் கவனிச்சன் காக்கா. நடக்கட்டும்.

கல்முனைக்_காக்கா:
புள்ள, பேர் சொன்னதுக்கும் குறையா? சரி. வாவிக்கரையான் தம்பி, ரெட் டீரிட ஏற்பாட்டப் பத்திக் கதைக்கிற ஆளே, போன வருஷம் உங்கட ஆக்கள் வெச்ச சொஃப்ட்போல் கிரிக்கெட் போட்டி ஞாபகம் இருக்கா? ராத்திரி ஆட்டம், ஏழாவது ஓவர், லைட் போச்சி. எங்கட பொடியன் ஒருத்தன் கேட்ச் பிடிக்க ஓடினவன், இருட்டுக்குள்ள கட்டின கயித்தில தடுக்கி விழுந்து முழங்கை உரிஞ்சி எழும்பினான். அம்பயர் போன் வெளிச்சத்தில ஸ்டம்பத் தேடினார். மறுகா ஆட்டத்த நீங்க வெண்டதா அறிவிச்சிங்க.

வாவிக்கரையான்:
ஓட்ட விகிதத்தில நாங்கதான் முன்னுக்கு. விதி அது. போட்டிக்கு முன்ன கை ஒப்பம் வெச்சது உங்கட கப்டன்.

கல்முனைக்_காக்கா:
விதிய விடுங்க. ஜெனரேட்டருக்கு எங்கட பக்கத்தால தந்த டீசல் காசு எங்க? டீசல் ஊத்தின ஜெனரேட்டர் ஏழாவது ஓவர்ல நிக்குமா?

ஸ்காபரோ_சிங்கம்:
அதானே, காசு எங்க தம்பி? நானும் அந்தப் போட்டிக்கு டொலர் அனுப்பினவன்.

வாவிக்கரையான்:
நீங்க அனுப்பினது தொப்பிக்கு. தொப்பி அடிச்சி வந்தது, உங்கட பேரும் அதில எழுத்துப்பிழையோட இருந்திச்சி. டீசல் கணக்கு பொருளாளரிட்ட. திரிய மாத்தாதிங்க. கால் இறுதிக்கு ஏன் சனம் வரேல்ல?

கல்முனைக்_காக்கா:
பொருளாளர் உங்கட மச்சான்.

வாவிக்கரையான்:
அதுக்கு? ரசீது இருந்தாப் போடுங்க. இல்லாட்டி சும்மா இருங்க.

கல்முனைக்_காக்கா:
ரசீது தராததுதான்டா பிரச்சினையே!