சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த மதுரைக்காரர்களுக்கு: நெருப்பு தாராளமாகக் கேளுங்கள், சிகரெட் விஷயத்தில் கவனம்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர், இங்கே முன்பின் தெரியாதவரிடம் சிகரெட்டோ நெருப்போ கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தார். அவருக்கு மட்டுமல்ல, மதுரையிலிருந்து விமானம் ஏறி வரும் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஊரில் இதற்கெல்லாம் யோசிக்கவே மாட்டோம். பெட்டிக்கடையில் உதிரியாக ஒன்று வாங்கி, கடையோரம் கனிந்தபடி தொங்கும் கயிற்றில் பற்றவைத்துக்கொள்வோம். கயிறு இல்லையா, பக்கத்தில் நிற்பவரிடம் "அண்ணே, நெருப்பு" என்றால் போதும், தன் வாயிலிருப்பதையே எடுத்து நீட்டுவார். நுனியோடு நுனி வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பஞ்சுப் பக்கம் அவர் விரலுக்கு வருகிற மாதிரி திருப்பிக் கொடுப்போம். பெயர்கூடக் கேட்க மாட்டோம். எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம் அது.

இங்கேயும் நெருப்பு கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நம்மூர் விமான நிலையத்தில் லைட்டரைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். வந்திறங்கிய அன்று எவர் கையிலும் நெருப்பு இருக்காது. ஆனால் எரிகிற சிகரெட்டைக் கேட்காதீர்கள், லைட்டரைக் கேளுங்கள். அவர் எதிரிலேயே பற்றவைத்து உடனே கையில் கொடுத்துவிடுங்கள். ஞாபக மறதியாகப் பையில் போட்டுக்கொண்டால் நன்றாக இருக்காது. அப்புறம் முதல் வேலையாக மளிகைக் கடையில் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

சிகரெட் கேட்பது வேறு கணக்கு. இங்கே உதிரி விற்பனை கிடையாது. 20 உள்ள பாக்கெட் சுமார் 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்). அப்படியானால் ஒன்று 75 காசு, நம் பணத்தில் ஏறத்தாழ 50 ரூபாய். தெரியாதவரிடம் அதை இனாமாகக் கேட்பது அவரைச் சங்கடப்படுத்தும். அவசரம் என்றால் காசை நீட்டிக் கேளுங்கள். "சாரி" என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள், இரண்டாம் முறை கேட்காதீர்கள். கூட வேலை பார்ப்பவரிடம் வாங்கினால், சம்பளத்தன்று மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கொடுப்பதிலும் கவனம் வேண்டும். 2021 ஜனவரி முதல் இங்கே குறைந்தபட்ச வயது 21. ஊரில் 18 ஆனால் போதும் என்று பழகியிருப்போம். அறையில் இருக்கும் 19 வயதுப் பையன் "அண்ணே, ஒண்ணு குடுங்க" என்றால் பாசத்தில்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர் மேலும் வழக்கு வரும். ஊரிலிருந்து வருகிறவர் கொண்டுவந்த பாக்கெட்டும் வேண்டாம். சிகரெட்டுக்கு இங்கே வரிவிலக்கு கிடையாது, ஒன்றே ஒன்றானாலும் வரி கட்டியாக வேண்டும். வரி கட்டாததை வைத்திருப்பதே குற்றம்.

இன்னொன்று. பெரியவர் வந்தால் சிகரெட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு ஒதுங்குவது நம் வழக்கம். இங்கே புகைபிடிப்பதற்கென்றே மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கிய இடத்தில் சூப்பர்வைசர் அண்ணனும் நீங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்பீர்கள். மரியாதைக்காக ஒதுங்கிப் போய்க் கூரை போட்ட நடைபாதையிலோ பேருந்து நிறுத்தத்தின் ஓரத்திலோ நின்றால் 200 வெள்ளி அபராதம் கட்ட நேரிடும். கோட்டுக்குள்ளேயே நில்லுங்கள். அவர் எதுவும் நினைக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேப், அதாவது பேட்டரியில் ஓடும் மின்சிகரெட். "ஒரு இழுப்பு இழுத்துப் பாரு மாப்ள" என்று யாராவது நீட்டலாம். நாம் ஒரே சிகரெட்டை மூன்று பேர் மாற்றி மாற்றி இழுத்து வளர்ந்தவர்கள், மறுக்க மனசு வராது. ஆனால் வேப்பை வைத்திருப்பதும் இழுப்பதும் இங்கே 2018 முதலே குற்றம். சிலவற்றில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். அதை 2025 செப்டம்பரில் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். அகப்பட்டால் வேலை அனுமதியே போய்விடலாம், கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணமும் அதோடு போய்விடும். எவ்வளவு நெருங்கிய நண்பன் நீட்டினாலும் கையால்கூடத் தொடாதீர்கள்.