யூஎஸ்பி 'டிரைவர்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

ரோஸ் ஹில், மொரீசியஸ் (ஆசிரியை):

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் தயார் செய்கிறேன், வெள்ளி மதியத்துக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் கையில் இருப்பவை அர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை மாதிரியே செய்த மலிவான பலகைகள், யூஎஸ்பி வேலையைப் பார்க்க அவற்றில் சிஎச்340 என்ற சிப் இருக்கிறது. கணினியில் செருகினால் பலகையில் விளக்கு எரிகிறது. நிரலை ஏற்றப் போனால் போர்ட் பட்டியல், அதாவது எந்த இணைப்பு வழியாக ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல், காலி. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால் மஞ்சள் முக்கோணம், அதைச் சொடுக்கினால் 'கோட் 28', அதாவது டிரைவர் (கணினி இந்தப் பலகையோடு பேச உதவும் மென்பொருள்) நிறுவப்படவில்லை. இந்த இடத்தில் நான் எழுத வேண்டிய வாக்கியம் "முதலில் ------ நிறுவுங்கள்". அந்தக் கோட்டில் எதைப் போட?

டிரைவர் என்றே எழுதலாம்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழுக்கு என்று கிடைப்பது வாரத்தில் கொஞ்ச நேரம். அந்த நேரமும் காவடிப் பாட்டுக்கும் தேவாரத்துக்கும் மட்டும் போனால் தமிழ் கோயிலுக்கான மொழி என்றே நினைத்துக்கொள்வார்கள். கணினி பழுதையும் தமிழில் பேச முடியும் என்று காட்ட எனக்கு ஆசை. அகராதியில் 'இயக்கி' இருக்கிறது. ஆனால் வட்டு இயக்கி என்று டிஸ்க் டிரைவுக்கும் அதே சொல்லைப் போடுகிறார்கள். "இயக்கியை நிறுவி, பலகையை இயக்கி, இயங்குதளத்தை மறுபடி இயக்கி" என்று எழுதினால் பிள்ளை எந்த இயக்கியைப் பிடிக்கும்?

டர்பன்:

அம்மா, இதற்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். சொல் நம்மிடம் இருக்கிறது: வலவன். புறநானூறு 27-இல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறார். ஓட்டுபவன் ஏவாமலே போகும் ஊர்தி. அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஓட்டுபவனுக்கு வலவன் என்ற பெயர் அன்றைக்கே எல்லோர் வாயிலும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? வல் என்ற அடியிலிருந்துதான் வல்லவனும் வல்லுநரும் வலிமையும். வலம் என்றால் வெற்றியும்தான், வலப்பக்கமும்தான். கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிற கை வலக்கை, தேரில் அவன் நின்ற பக்கமும் வலப்பக்கமாக இருந்திருக்கும், அதனால் வலவன் என்பது என் துணிபு. ஏரில் பூட்டிய மாட்டைக்கூட வலத்து மாடு, இடத்து மாடு என்றுதானே சொல்கிறோம். 'வலவனை நிறுவுக' என்று எழுதுங்கள். பிள்ளைகள் ஒரு சங்கச் சொல்லையும் சேர்த்துக் கற்கட்டும்.

செயின்ட் ஆந்த்ரே, ரீயூனியன்:

ஐயா, வலப்பக்கத்தால் வலவன் என்றால் எங்கள் தீவில் சிக்கல், இங்கே ஓட்டுபவர் உட்காருவது இடப்பக்கம். நான் தமிழை வளர்ந்த பிறகு கற்றவன், அதனால் பிரெஞ்சு வழியாகவே யோசிக்கிறேன். பிரெஞ்சுக் கணினியில் டிரைவர் என்ற பேச்சே கிடையாது, 'பிலோத்' என்று வரும். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறி, உள்ளூர் நீரோட்டமும் ஆழமும் தெரிந்து, கரை சேர்க்கிறவருக்கும் அதே பெயர்தான். மொரீசியஸ் பிள்ளைகளுக்கும் இந்தப் பிரெஞ்சுச் சொல் தெரியும். அப்படியானால் தமிழில் மீகாமன் இருக்கிறதே? மாலுமியும் இருக்கிறது. காரோட்டியைவிடக் கப்பலோட்டி இந்த வேலைக்குப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

யாங்கோன்:

வலது இடது பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பர்மாவில் 1970-இல் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் அதன் பிறகும் வெகுகாலம் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங் வலப்பக்கமே இருந்தது. ஆகவே எங்கள் ஊரில் டர்பன் ஐயாவின் வலவன் பத்திரமாக இருக்கிறார், சாலைதான் மாறிப்போனது.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். மாலுமி அரபியின் முஅல்லிமிலிருந்து வந்தது என்பார்கள், எனக்கு அது ஒரு குறையே இல்லை, தொல்காப்பியரே 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ' என்று கதவைத் திறந்துதான் வைத்தார். என் ஆட்சேபணை வேறு. வலவன், மீகாமன், ஓட்டுநர் எல்லாம் உயர்திணை. நீங்கள் நிறுவப்போவது ஒரு மென்பொருள். அஃறிணைக்கு வினைமுதற் பொருளில் இகர விகுதி இருக்கும்போது அன் விகுதியிடம் ஏன் போக வேண்டும்? குறள் 306-ஐப் பாருங்கள், 'சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி'. கொல்வது கொல்லி. செலுத்துவது செலுத்தி. ஓட்டுவது ஓட்டி. இதில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஆள் பெயர் வேண்டாம்.

டர்பன்:

ஓட்டி என்பதை ஏற்கலாம். 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி' என்று வெண்ணிக்குயத்தியாரே பாடியிருக்கிறார், புறம் 66.

யாங்கோன்:

ஐயா, மன்னிக்க வேண்டும், அங்கே ஓட்டி வினையெச்சம். நாவாயை ஓட்டி, வளி தொழில் ஆண்ட உரவோன் என்று தொடர்கிறது. பெயர்ச்சொல் அல்ல. உண்மையில் ஆசிரியையின் மூச்சுமுட்டலும் இதுதான். ஓட்டி, இயக்கி, செலுத்தி மூன்றுமே பெயராகவும் நிற்கும், எச்சமாகவும் நிற்கும். வேற்றுமை உருபு ஏறினால்தான் பெயர் என்று வெளிச்சமாகும். ஆகவே எந்த இகரச் சொல்லை எடுத்தாலும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: உருபு இல்லாமல் தனியாக விடாதீர்கள், அதே வாக்கியத்தில் அதே வினையை எச்சமாகப் போடாதீர்கள்.

மோக்கா, மொரீசியஸ்:

டீச்சர், நான் இந்தப் பலகைகளோடு மல்லுக்கட்டுகிறவன், சொல்லுக்கு முன்னால் ஒரு விஷயம். தாளில் முதல் வரியாகக் கேபிளைப் போடுங்கள். யூஎஸ்பி கேபிளுக்குள் வழக்கமாக நான்கு கம்பி: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் செய்ய மட்டும் விற்கிற கேபிளில் பின்னவை இரண்டும் இருக்காது. விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு ஒன்று செருகப்பட்டதே தெரியாது. அப்போது மஞ்சள் முக்கோணம்கூட வராது. முக்கோணம் வந்தால் கேபிள் நல்லது, வராவிட்டால் முதலில் கேபிளை மாற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு முன்னால் எந்த டிரைவரை நிறுவியும் பயன் இல்லை.

இனி சொல். இது எதையும் ஓட்டுவதில்லை, அதுதான் என் வருத்தம். செருகியதும் கணினி பலகையிடம் "நீ யார்" என்று கேட்கிறது. பலகை இரண்டு எண்களைச் சொல்கிறது, தயாரித்தவர் எண்ணும் பொருள் எண்ணும். உங்கள் பலகை என்றால் 1ஏ86, 7523. இந்த இரண்டும் எந்த டிரைவரின் பட்டியலில் இருக்கிறதோ அதை இயங்குதளம் கூப்பிடுகிறது. அதன் பிறகு இயங்குதளம் சொல்வதைச் சிப்புக்குப் புரிகிற மாதிரியும், சிப் சொல்வதை இயங்குதளத்துக்குப் புரிகிற மாதிரியும் மாற்றிக்கொடுப்பதே அதன் வேலை. அப்படி ஒருவரை நம் ஆட்கள் துபாசி என்றார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி, விண்டோஸுக்கு இந்த மென்பொருள். அவர் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஆள் இருந்தும் பேச்சு நடக்காது. கோட் 28 சொல்வதும் அதைத்தானே? நம் தீவுக்குச் சொந்தமான சொல்லும்கூட. இங்கே ஆளுநராக இருந்த லபூர்தொனே 1746-இல் சென்னையைப் பிடித்ததும், அதை வைத்து அவருக்கும் துய்ப்ளேக்கும் வந்த சண்டையும் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கின்றன. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இங்கே கல்வேலைக்கும் மரவேலைக்கும் வந்த நம் முன்னோர் காலத்துச் சொல் இது.

டர்பன்:

தம்பி, விளக்கம் அருமை, சொல்தான் தொண்டையில் நிற்கிறது. துபாசி என்பது த்வி பாஷி, இரு மொழிக்காரன். வடசொல்லை எழுத்து மாற்றி எடுக்கலாம் என்று யாங்கோன் நண்பர் சூத்திரம் காட்டுவார், காட்டட்டும். தமிழில் இல்லாதபோது எடுப்பது வேறு, செலுத்தி இருக்கும்போது எடுப்பது வேறு. இங்கே டர்பனில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்தது. இன்று எங்கள் பேரப்பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம். மிச்சமிருக்கும் சொற்களை நான் கைப்பிடியில் வைத்துக் காக்கிறேன், அதனால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டைக்கு வருகிறேன்.

இயக்கி பற்றியும் ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தில் மாதரி 'பூங்கண் இயக்கிக்குப் பான்மடை கொடுத்து' வருகிறாள். அது தெய்வத்தின் பெயர். திருநெல்வேலி, குமரிப் பக்கம் இன்றும் இசக்கி அம்மனாக நிற்கிறாள். அந்தப் பெயரை மென்பொருளுக்கு வைக்க எனக்கு மனம் இல்லை.

ரோஸ் ஹில்:

நேற்று மாலை மாணவிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரு தாளில் நான்கு சொல்லையும் எழுதி, விளக்கம் எதுவும் சொல்லாமல், என்னவாக இருக்கும் என்று கேட்டேன். வலவனுக்கு ஒருத்தி, "வளவனா? சோழ ராஜா?" என்றாள், ல ள குழப்பம்தான், ஆனாலும் சோழன் நினைவுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம். துபாசிக்கு இருவரும் துபாயில் நின்றார்கள். செலுத்திக்குப் பெரியவள் "பணம் செலுத்து" என்று கோயில் ரசீதில் பார்த்ததாகச் சொன்னாள், வங்கி சம்பந்தப்பட்டதா என்று கேட்டாள். இயக்கிக்கு மட்டும், "டீச்சர், எதையோ வேலை செய்ய வைப்பது" என்று சின்னவள் சொல்லிவிட்டாள். இயக்கு என்ற வினையை வகுப்பில் படித்திருக்கிறாள், அவ்வளவுதான் காரணம்.

டர்பன் ஐயா, தெய்வத்தின் பெயர் என்பது எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதும், கடைக்கு வைப்பதும், படகுக்கு வைப்பதும் நம் வழக்கம்தானே.

செயின்ட் ஆந்த்ரே:

எனக்கு இயக்கி சரி. மீகாமனை விட்டுக்கொடுக்கிறேன், உயர்திணை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. 'சாதன இயக்கி' என்று முழுசாக எழுதினால் வட்டு இயக்கியோடு மோதாது.

யாங்கோன்:

சாதன இயக்கிக்கு என் ஓட்டும். ஒன்றே ஒன்று, இந்த இழையில் நாம் எல்லோரும் ஓட்டுநர் என்று நகர னகரச் சண்டை இல்லாமல் சரியாக எழுதியதைப் பார்த்து மனம் நிறைந்தது. வெளியே எங்கு பார்த்தாலும் ஓட்டுனர். நர் என்பது தனி விகுதி, இயக்குநர், பெறுநர், அனுப்புநர், எல்லாவற்றிலும் தந்நகரம்தான். பயிற்சித்தாளில் 'இயக்குநர்' என்று எங்காவது அச்சுக்காரர் திருத்திவிடப் போகிறார், அது ஆளைக் குறிக்கும், மெய்ப்பு பார்க்கும்போது கவனம்.

மோக்கா:

துபாசி போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பிள்ளைகள் துபாய்க்குப் போனால் தாள் வேலைக்கு ஆகாது. சாதன இயக்கியே இருக்கட்டும். வேலை என்ன என்பதை மட்டும் ஒரு வரி விளக்குங்கள், அந்த விளக்கத்தில் 'இரு பக்கமும் மொழிபெயர்க்கும்' என்று வந்தால் எனக்குப் போதும். வகுப்பில் யாராவது விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியைக் கொண்டு வந்தால் இயக்கி ஏற்கனவே உள்ளேயே இருக்கும், சிஎச்341 என்ற பெயரில். ஆனாலும் போர்ட் வந்த வேகத்தில் மறையலாம். பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதே 1ஏ86, 7523 எண்களைப் பார்த்துத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. பிரெயில் கருவி எதுவும் பயன்படுத்தாத கணினி என்றால் அதை நீக்கிவிட்டுப் பலகையை மறுபடி செருகினால் போதும். போர்ட் தெரிந்தும் 'அனுமதி இல்லை' என்று வந்தால் பயனரை, போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். அங்கே புதிய இயக்கியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ரோஸ் ஹில்:

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்குப் போகும் பத்தி இது:

"பலகையைச் செருகியும் போர்ட் தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் உங்கள் கணினியில் சாதன இயக்கி இல்லை. சாதன இயக்கி என்பது கணினிக்கும் பலகைக்கும் நடுவில் இருந்து இரு பக்கப் பேச்சையும் மொழிபெயர்க்கும் மென்பொருள். டிரைவர், பிலோத் என்று திரையில் வருவதும் இதுவே. சிஎச்340-க்கான சாதன இயக்கியை நிறுவுங்கள். பிறகு பலகையைக் கழற்றி மீண்டும் செருகுங்கள்."

மதியம் ஒரு மணிக்கு அனுப்பிவிடுவேன். பிழை தெரிந்தால் அதற்குள் சொல்லுங்கள்.

டர்பன்:

பிழை இல்லை, நல்ல தமிழ். ஆனால் என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும், இங்கே எங்கள் வகுப்புக்கு இந்தத் தாளை எடுக்கும்போது இயக்கி என்ற இடத்தில் எல்லாம் செலுத்தி என்று மாற்றித்தான் தருவேன், பெரும்பான்மை என்பதால் சொல் சரியாகிவிடாது. அப்புறம் அம்மா, அடுத்த தாளில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், வரும் என்று எழுதியிருந்தீர்களே. அதற்கு நிலைப்பொருள் என்று சிலர் எழுதுகிறார்கள். நிலைத்து நிற்பது என்றால் பிள்ளைகள் அதை எப்படி மாற்றி எழுதுவார்கள்? திங்கட்கிழமை ஆரம்பிப்போம்.