அம்மாவுக்கு 18 வருஷமா சுகர், இப்ப மறதியும் வருது, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

கெடிலக்கரை:
வணக்கம், கடலூர் திருப்பாப்புலியூர்ல இருக்கோம். அம்மாவுக்கு 64 வயசு, 18 வருஷமா சுகர், மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு ரெண்டு மாத்திரையும் போடறாங்க. நாலஞ்சு மாசமா ஒரு மாதிரி இருக்காங்க, சாம்பார்ல ரெண்டு தடவ உப்பு போட்டுடறாங்க, போன மாசம் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வர்றப்ப எந்தத் தெருவுல திரும்பணும்னே தெரியாம நின்னுட்டு இருந்தாங்களாம், பொறந்து வளந்ததே இந்த ஊருதான் அவங்களுக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸப்ல வீடியோ அனுப்பினாரு, அல்சைமர்ங்கற மறதி நோய்னா அது மூணாம் வகை சர்க்கரை நோய்தான், இன்சுலின் வேலை செய்யாததால மூளை செல்லெல்லாம் பட்டினி கெடந்து சாகுது, தேங்காய் எண்ணெய் குடிச்சா சரியாயிடும்னு. இன்னொருத்தர் வெயிட் குறையப் போடறாங்களே செமாக்ளூடைடு, அதப் போட்டா மறதியும் நின்னுடும்ங்கறாரு. டாக்டர்கிட்ட சொன்னதுக்கு வயசாச்சுல்லன்னு அஞ்சே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. எது நெஜம்னு யாராவது சொல்லுங்க, ராத்திரி தூக்கமே வரல.

லாஸ்பேட்டை_பயோகெம்:
சம்பந்தம் இருக்கு, ஆனா வீடியோல சொன்ன மாதிரி இல்ல. சுகர் இருக்கறவங்களுக்கு பிற்காலத்துல டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கற திறனும் கொறஞ்சுட்டே போறது, அல்சைமர் அதுல ஒரு வகை) வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஒண்ணரைல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் அதிகம்னு பல ஆய்வுல வந்திருக்கு. வாய்ப்பு அதிகம்னு தான் சொல்றேன், எல்லாருக்கும் வந்தே தீரும்னு இல்ல. மூணாம் வகைங்கற பேரு 2005ல அமெரிக்காவுல சூசன் டி லா மான்டேங்கற ஆராய்ச்சியாளரோட குழு வச்சது, அல்சைமர்ல இறந்தவங்களோட மூளைத் திசுவ எடுத்துப் பாத்தா இன்சுலின் சிக்னல் ரொம்ப கொறஞ்சு கெடந்துச்சு, அதனால அப்படி சொன்னாங்க. டாக்டருங்க நோயோட பேரா அத ஏத்துக்கல.

பட்டினிக் கதை தப்பு. மூளை நம்ம எடைல 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவு பண்ற சக்தில 20 சதவீதம் அதுக்குப் போகுது, இவ்ளோ சர்க்கரையயும் மூளை செல்லு பெரும்பாலும் இன்சுலின் துணை இல்லாமத்தான் உள்ள இழுத்துக்குது. அங்க இன்சுலினோட வேலையே வேற, பசிய அடக்கறது, செல்லுக்கு செல் இருக்கற இணைப்பைப் பலப்படுத்தறது, ஞாபகம் பதியறதுக்கு உதவறது. இன்னொரு விஷயமும் பாருங்க, இன்சுலினை வெட்டிப் போடற என்சைம் ஒண்ணு இருக்கு, அல்சைமர் மூளைல படியற அமிலாய்டுங்கற புரதத்தையும் அதே என்சைம்தான் வெட்டுது, ரத்தத்துல எப்பவும் இன்சுலின் அதிகமாவே இருந்தா அமிலாய்டை வெட்டற வேலை கெட்டுடுமோன்னு ஒரு யோசனை ஓடிட்டு இருக்கு. இதுக்கெல்லாம் மேல, நாள்பட்ட சுகர் மூளையோட சின்னச் சின்ன ரத்தக் குழாயக் கெடுக்குது, அதுல சந்தேகமே இல்ல.

செமாக்ளூடைடு பத்தி நானும் ரொம்ப நம்பிக்கையோட காத்திருந்தேன். ஆரம்ப நிலை அல்சைமர் இருக்கற 3,800 பேருக்கு மேல மாத்திரையா குடுத்துப் பாத்தாங்க, 2025 நவம்பர்ல ரிசல்ட் வந்துச்சு, நோய் வேகம் குறையல. மூக்கு வழியா இன்சுலின் அடிச்சுப் பாத்த பெரிய ஆய்வும் 2020ல கைவிரிச்சிடுச்சு. அதனால மறதிக்குன்னு சொல்லி யாரும் இந்த ரெண்டுக்கும் காசு செலவு பண்ணாதீங்க. தேங்காய் எண்ணெய்க்கும் உருப்படியான ஆதாரம் கிடையாது.

வில்லியனூர்77:
எங்க அப்பாவுக்கும் இதே கதைதான் சார். வண்டி சாவிய ஃபிரிட்ஜுல வச்சுட்டு வீடு பூரா தேடுவாரு, கால்ல மதமதப்பு வேற. கடைசில பாத்தா பி12 வைட்டமின் ரொம்ப கம்மி. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா பி12 உடம்புல சேர்றது கொறையும், அப்பா சுத்த சைவம் வேற, முட்டை கூட தொட மாட்டாரு. ஊசி போட்டதும் மூணு மாசத்துல ஆளு தெளிவாயிட்டாரு. எங்களுக்கு மின்னாடியே யாரும் சொல்லலைங்கறதுதான் வேதனை. பி12, தைராய்டு ரெண்டும் மொதல்ல பாருங்க, காதும் டெஸ்ட் பண்ணுங்க, காது சரியா கேக்கலன்னா மறதி மாதிரியே தெரியும்.

முதலியார்பேட்டை_நர்ஸ்:
2023ல ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கெடுப்பு வந்துச்சே, புதுச்சேரில 26.3 சதவீதம் பேருக்கு சுகர்னு, கோவாவுக்கு அடுத்து நாமதான். அதனால இந்தக் கேள்விய தினமும் கேக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அம்மாவுக்கு இந்தக் குழப்பம் எப்பவும் இருக்கா, இல்ல குறிப்பிட்ட நாள்ல, குறிப்பிட்ட நேரத்துலயா? கிளிமெபிரைடு போட்டுட்டு சாப்பாடு தள்ளிப் போனா சுகர் சட்டுனு எறங்கிடும். வேர்வை, கை நடுக்கம் எல்லாம் பல வருஷமா சுகர் இருக்கறவங்களுக்கு சரியா தெரியாமலே போகலாம், குழப்பம்தான் மொதல்ல தெரியும். அடிக்கடி மோசமா லோ சுகர் ஆனவங்களுக்கு பின்னாடி டிமென்ஷியா அதிகமா வந்திருக்குன்னு வயசானவங்கள வச்சு பண்ண ஆய்வுல பாத்திருக்காங்க. சுகர் ஏறக்கூடாதுன்னு மட்டும்தான் எல்லாரும் பயப்படறாங்க, எறங்கறத யாரும் கவனிக்கறதே இல்ல.

கெடிலக்கரை:
அக்கா நீங்க கேட்டப்பறம்தான் உக்காந்து யோசிச்சேன். அம்மா இந்த வருஷம் சனிக்கிழமை விரதம் ஆரம்பிச்சாங்க, காலைல ஒண்ணும் சாப்பிட மாட்டாங்க, மத்தியானம் கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் சோறு. மாத்திரைய மட்டும் விடாம போட்டுடுவாங்க, மாத்திரை தவறினா நான் திட்டுவேன்னு. கோயில்ல இருந்து வழி தெரியாம நின்னது சனிக்கிழமை. உப்பு விஷயம் அப்பாகிட்ட கேட்டா அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமைதாங்கறாரு. இன்னைக்கு சனிக்கிழமைங்கறதால 11 மணிக்கு வீட்ல இருக்கற மெஷின்ல குத்திப் பாத்தேன், 58 இருக்கு.

முதலியார்பேட்டை_நர்ஸ்:
70க்கு கீழ போனாலே லோ சுகர்தான். இப்பவே மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சுக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவ குடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஏறிடுச்சுன்னா உடனே சாப்பிட வைங்க, இன்னைக்கு பூரா தனியா விடாதீங்க, கிளிமெபிரைடு மறுபடியும் சுகர எறக்கும். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. 58ன்னு சீட்டுல எழுதி, விரத விஷயத்தையும் சேத்து சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல அனுப்ப மாட்டாங்க. மத்த நாள்லயும் மறதி இருக்கான்னு ஒரு நோட்டுல தேதியோட குறிச்சு வைங்க. வில்லியனூர் தம்பி சொன்ன பி12 டெஸ்ட்டயும் விட்டுடாதீங்க.

கெடிலக்கரை:
96 வந்துடுச்சு அக்கா. இட்லி சாப்பிட்டுட்டு இருக்காங்க. விரதம் கெட்டுப்போச்சேன்னு என் மேல கோவம்.