பன்னிரண்டு மணிக்கு கேட்டில் யாரும் நிற்க மாட்டார்கள்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் பக்கம் போய் ஒரு மாதம்கூட ஆகாத வண்ணாரப்பேட்டைத் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, பாப்பாவை ஒண்ணாம் கிளாஸ்ல சேர்த்திருக்கோம். கொடுத்தனுப்புற சாப்பாடு அப்படியே திரும்பி வருது. மதியம் நானே போய் ஊட்டிட்டு வரலாமா?" இதையே வேறு வேறு மாதிரி பலர் கேட்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நியூஜெர்சியில் ஆறு வருடம் இருந்துவிட்டு இப்போது தண்டையார்பேட்டைக்கே திரும்பிவிட்டேன். என் இரண்டு பிள்ளைகளும் தொடக்கப் பள்ளி படித்தது அங்கேதான்.

இங்கே மதியமானால் என் தெருமுனைப் பள்ளிக்கூடத்து கேட்டில் கூடையோடு அம்மாக்களும் ஆயாக்களும் நிற்கிறார்கள். சுடச்சுட ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டி, வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பழக்கம் கிடையாது. சில பள்ளிகளில் முன்கூட்டியே சொல்லி, ஆபீஸில் அடையாள அட்டை காட்டி, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட விடுவார்கள். அது எப்போதாவது ஒரு நாளைக்குத்தான். மற்ற நாளெல்லாம் ஆறு வயதுப் பிள்ளை தானே டப்பாவைத் திறந்து, தானே சாப்பிட்டு, தானே மூடி வைக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் 20, 25 நிமிடம். வரிசையில் நடந்து போய் உட்காருவதும் அதற்குள்தான்.

என் பெரியவள் சேர்ந்த முதல் வாரம் ஈவினிங் பஜாரில் வாங்கிக்கொண்டு போன எவர்சில்வர் டப்பாவில் சாம்பார் சாதம் வைத்தேன். நாலு நாளும் டப்பா நிறைந்தபடியே வந்தது. கேட்டால் "பசிக்கல" என்றாள். ஐந்தாம் நாள் சாயங்காலம், என் முன்னால் திற பார்க்கலாம் என்றேன். டப்பாவை வயிற்றோடு அணைத்து, இரண்டு கட்டை விரலாலும் மூடியை நெம்பினாள். நகம் வெளுத்தது, முகம் சிவந்தது, மூடி அசையவே இல்லை. நாலு நாளும் என் குழந்தை சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கிறாள். கையைத் தூக்கினால் சாப்பிடும் இடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா வந்து திறந்து தருவார் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால் தங்கச்சி, முதலில் டப்பாவை மாற்று. பக்கவாட்டில் க்ளிப் போட்டது நல்லது. எது வாங்கினாலும் பாப்பாவே பத்துத் தடவை திறந்து மூடிக் காட்டிய பிறகு பள்ளிக்கு அனுப்பு. "ப்ளீஸ் ஓப்பன் திஸ்" என்ற மூன்று வார்த்தையையும் கையைத் தூக்குவதையும் வீட்டிலேயே பழக்கு. பதினைந்து நிமிடம் அலாரம் வைத்து, மேசையில் உட்கார வைத்து, ஊட்டாமல், டிவி இல்லாமல் சாப்பிடச் சொல்லிப் பார். எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுதான் டப்பாவில் வைக்க வேண்டிய அளவு.

அப்புறம் சாப்பாட்டு நேரம் எப்போது என்று டீச்சரிடம் கேள். சில பள்ளிகளில் சின்ன வகுப்புகளுக்குப் பதினொரு மணிக்கு முன்பே மதியச் சாப்பாடு தொடங்கிவிடும். காலையில் நாலு இட்லி தின்ற பிள்ளைக்கு அந்த நேரத்தில் எப்படிப் பசிக்கும்? நான் காலையில் பாலும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து, டப்பாவில் டிபன் வைத்து, மூன்றரைக்கு வீடு வந்ததும் சோறு போட்டேன். எங்களுக்கு அதுதான் சரியாக வந்தது.

பிள்ளைகள் சூடு பண்ணிக்கொள்ள மைக்ரோவேவோ, வைக்க ஃப்ரிட்ஜோ பெரும்பாலும் இருக்காது. சூடான சாப்பாடு என்றால் அகல வாய் ஃப்ளாஸ்க்தான். கொதிக்கும் தண்ணீரை அதில் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற சாதத்தை நிறைய வை. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். சாதத்தை வைத்தவுடன் மூடியை இறுக்கினால், உள்ளே இருக்கிற ஆவி ஆறும்போது மூடியை உள்ளே இழுத்துப் பிடித்து நமக்கே திறக்க வராது. ஒரு நிமிடம் விட்டு மூடு. தயிர் சாதத்துக்குப் பால் கூடுதலாக, தயிர் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, ஐஸ் பேக்கோடு வை.

கை கழுவ வசதி இல்லாமல் போகலாம். அதனால் ஸ்பூனில் எடுக்கிற மாதிரியோ, அப்படியே கடிக்கிற மாதிரியோ இருக்கட்டும். பொடி தடவிய குட்டி இட்லி, சுருட்டி வெட்டிய தோசை, முட்டை வைத்த சப்பாத்தி. என் சின்னவனுக்கு ரொம்பப் பிடித்தது அத்தோ, அதுதான் பர்மா நூடுல்ஸ். சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் சாப்பிட்ட அதே நினைப்பில், காரம் குறைத்து, முட்டைக்கோஸ் நிறையப் போட்டுக் கிளறித் தருவேன். பக்கத்துப் பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், அவனுக்கு நம் ஊர். மீனை மட்டும் ராத்திரிக்கு வைத்துக்கொள், முள் பார்த்துத் தர ஆள் இல்லாத இடம் அது.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. வேர்க்கடலை ஒவ்வாமை (அலர்ஜி) உள்ள குழந்தைக்கு அது கொஞ்சம் வாய்க்குள் போனாலே உயிருக்கு ஆபத்தாகலாம். பல பள்ளிகளில் கடலைக்கு அனுமதியே இல்லை. நமக்கோ எலுமிச்சை சாதம், புளிசாதம், சட்னி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பொங்கலில் முந்திரி, இட்லிப் பொடியில் எள். 2023 முதல் அமெரிக்காவில் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் இருக்கிறது. வகுப்பில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள். பகிர்ந்து சாப்பிடு என்றுதான் நாம் வளர்க்கிறோம், ஆனால் அங்கே யாருக்கும் கொடுக்காதே, வாங்காதே என்று பாப்பாவுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது.

பள்ளிச் சாப்பாடும் வாங்கலாம். ஒரு தானியம், ஒரு புரதம், காய், பழம், பால் என்று ஐந்து வைப்பார்கள். பெரும்பாலும் மூன்று எடுத்தால் போதும், அதில் ஒன்று காயோ பழமோ. பீட்சா மேல் வைக்கிற பெப்பரோனி என்றால் பன்றி இறைச்சியாக இருக்கலாம், ஜெல்-ஓ மாதிரி ஆடுகிற ஜெல்லியில் மாடு, பன்றித் தோல் எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும். சைவமோ ஹலாலோ பார்க்கிறவர்கள் மாத மெனுவை முன்கூட்டியே பார்த்து, எந்த நாள் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.

கலிபோர்னியா, மினசோட்டா மாதிரிச் சில மாநிலங்களில் எல்லாப் பிள்ளைக்கும் இலவசம். டெக்சாஸில் அப்படி இல்லை, வருமானம் குறைவாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையில் படிக்க வந்த குடும்பங்கள் கட்டாயம் பாருங்கள். விசா என்ன என்று அதில் கேட்பதில்லை. அமெரிக்க அரசு ஆளுக்கு ஒன்றாகத் தருகிற சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் இல்லை என்று குறிக்க இடமுண்டு. வருடத்தின் நடுவிலும் கொடுக்கலாம். இலவசம் என்று கூச்சப்படாதீர்கள். நம் வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பெயர் தந்த, அப்போது சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட வைத்தவர். அமெரிக்காவில் இதற்குச் சட்டம் வந்ததே 1946-இல்தான்.

லண்டன் போனவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே 2023 முதல் அரசு ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைக்கும் மதிய உணவு இலவசம். கனடாவில் பெரும்பாலும் வீட்டு டப்பாதான்.

ஒருநாள் பாப்பா வந்து, "இட்லி வேணாம், பிரெட் குடு" என்று கேட்கலாம். பக்கத்தில் யாரோ மூக்கைச் சுளித்திருப்பார்கள். திட்டாதே, பிரெட்டே கொடு. என் பெரியவள் இரண்டு மாதம் பிரெட்தான் கொண்டு போனாள். பிறகு ஒரு திங்கட்கிழமை அவளாகவே, "பொடி இட்லி வைம்மா, நெய் நிறைய" என்றாள்.