சுங்கை சிப்புட் உறுமி மேளக் குழு: பின்னணியை எழுதுவது எப்படி?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தொடங்கிய எங்கள் உறுமி மேளக் குழு, லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கலைந்து குடும்பங்கள் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்த பின்னும் வாசித்து வருகிறது. அதைச் சங்கமாகப் பதிவு செய்யவிருக்கிறோம். குழுவின் பின்னணியையும் ஊராரின் மதிப்பையும் எவ்வாறு எழுதுவது?

மறுமொழி 1: மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து நடத்தும் அமைப்பு பதிவுபெற வேண்டும் என்பதால், பதிவுச் சான்றிதழை ஊர் தந்த அங்கீகாரமாகக் காட்டுவது பொருந்தாது. தீமிதிக்கும் காவடிக்கும் கோயில் நிர்வாகம் அனுப்பிய அழைப்புக் கடிதங்களும், உங்கள் குழுவின் பெயர் அச்சான பழைய திருவிழா நோட்டீசுகளுமே அதற்குச் சான்று.

மறுமொழி 2: கடிதங்கள் இருக்கட்டும், ஐயா, முதலில் வாசிப்பை எழுதுங்கள். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த உறுமல் ஒலியை எழுப்புவதையும், சாமி வரும் நேரத்தில் பம்பை எப்படி வேகம் பிடிக்கிறது என்பதையும், யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதையும் மூத்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். 1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடலால் (பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றதால்) பல குடும்பங்கள் சிதறியதை எழுதாமல் எந்தத் தோட்டக் குழுவின் வரலாறும் முழுமை பெறாது. பால்வெட்டுக்குப் போன பெண்கள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் பெரும்பாலான விழா மலர்கள் விட்டுவிடுகின்றன. எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

கேட்டவர்: நன்றி. ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டிமார் இருவர் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள், அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.